கஞ்சி வைக்கும் பிரெஞ்சு மாப்பிள்ளை

மாலை நாலு இருபதுக்கு மகளின் போன் அணைந்துபோனது. தஞ்சாவூரிலிருந்து அவள் வரவேண்டிய பேருந்தும் வந்துவிட்டது. அவள் அதில் இல்லை. மறுநாள் அவளைப் பெண் பார்க்க பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது பிரான்ஸ் குடியுரிமை, உள்ள ஒரு தமிழ் மாப்பிள்ளை வருவதாக ஏற்பாடு.

காரைக்கால் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் இரண்டு பெண்கள். இளையவள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவள் போலிருந்தது. மடியில் ஒரு நாவல்.

“இதை எழுதுனவங்க நம்ம ஊரு பக்கமே வந்ததில்லக்கா. கதாநாயகியை பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காக வீட்டுல ஒருத்தனுக்குக் கட்டி வைக்கிறாங்க. மறுவாரமே பாஸ்போர்ட் வந்துடுதாம்! நான் ஆறு வருஷம் அலைஞ்சேன்.”

“கதைதானடி, விடேன்.”

“அதைக்கூட விட்டுடலாம். அவளுக்குக் காய்ச்சல்னதும் அவன் கஞ்சி வச்சு ஊட்டுறானாம். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, அரிசி எந்த டப்பாவுல இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு என்னையே எழுப்பிக் கேட்டாரு.”

“உனக்குக் கோவம் நாவல் மேலயா, அவரு மேலயா?”

“ரெண்டு மேலயும்தான். முந்நூறு பக்கம்க்கா! உனக்குப் பிடிச்சிருக்கான்னு அந்தப் பொண்ணை ஒருத்தராவது கேக்கணுமே? கேக்கல. ஆனா கடைசியில காதல் மட்டும் வந்துடுது.”

எங்கள் வீட்டில் அதை யார் கேட்டோம் என்று யோசித்தேன். மனைவி கேட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த பேருந்தில் மகள் இறங்கினாள்.

“போனை நாந்தான் ஆஃப் பண்ணினேன்ப்பா. முந்தின பஸ்ஸையும் வேணும்னுதான் விட்டேன். நாளைக்கு அவங்க வரட்டும். ஆனா மொதல்ல நாந்தான் அவருகிட்டப் பேசுவேன்” என்றாள்.