ரம்பொடை இறக்கம்

ஓம் என்று சொல்லிவிட்டால் இந்தப் பேச்சு இதோடு முடிந்துவிடும். இல்லை என்றால் ஏன் என்று கேட்பான். அந்த ஏனுக்கு உதயகலாவிடம் பதில் இல்லை. கோபமா என்று தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். கோபம் இல்லை. பயமா என்றால் அதுவும் இல்லை. மலைநாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்து ஒரு மாதம் ஆகிறது. திரும்பவும் போகவேண்டும் என்று புருஷன் கிருஷாந் கிணற்றடியில் வந்து நிற்கிறான். அவளோ தோய்த்த உடுப்பையே திரும்பத் தோய்த்துக்கொண்டிருக்கிறாள்.

– இஞ்சை பார் கலா, அந்த உடுப்பை எத்தனைதரம் அலசுவாய்? ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒண்டைச் சொல்லன்.

– தெரியேல்லையப்பா.

– இதிலை தெரியாமல் போக என்ன கிடக்கு? இறக்கம் தொடங்க முன்னம் நான் ஒரு தேத்தண்ணிக் கடையடியிலை நிப்பாட்டுவன். கூட வாற மற்றச் சைக்கிள்காரர் வந்து சேர முந்தி நாங்கள் மாறியிடுவம். என்ரை சிவப்பு ஹெல்மெட்டை நீ போடு, என்ரை மழைக்கோட்டையும் போடு. நீயும் என்ரை உசரம்தானே. நான் பின்னுக்கு ஏறுறன். கீழை போனாப்போலை திரும்ப மாறுவம். போனமுறை மாதிரியேதான், விளங்குதோ?

– போனமுறை நாங்கள் யோசிச்சு மாறேல்லை. உங்களுக்கு பிரேக் பிடிக்கேல்லை, முன்னுக்கு பஸ் வந்தது, தேயிலைத் தோட்டத்துத் தண்ணிக் கானுக்குள்ளை போய் விழுந்தம். நல்லகாலம், மற்றவை பின்னுக்கு அருவியடியிலை படம் எடுத்துக்கொண்டு நிண்டவை. உங்கடை கை நடுங்கின நடுக்கத்துக்கு சாவியைக்கூடத் திருப்ப ஏலேல்லை. அதாலை உங்கடை ஹெல்மெட்டையும் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு நான் ஓடினனான்.

– மெல்லக் கதை. அம்மா உள்ளுக்கை.

– மாமி நித்திரை.

– நித்திரை எண்டாலும் அவவின்ரை காது முழிச்சிருக்கும். சரி, பிரேக் பிடிக்கேல்லை. அது மோட்டார் சைக்கிளின்ரை பிழை.

– இறக்கம் தொடங்கினவுடனை நியூட்டரலிலை விட்டது ஆர்?

– ஊரிலை அப்பிடித்தானே ஓடுறம்! பெற்றோலுக்கு வரிசையிலை நிண்ட காலத்திலையிருந்து, சந்தி தெரிஞ்சவுடனை எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு போறதுதான் எல்லாருக்கும் பழக்கம். நீயும் அப்பிடித்தான்.

– கோப்பாய்ச் சந்திக்கு உருண்டு போனால் தானா நிண்டிடும். ரம்பொடை மலையிலை நிக்குமோ?

– அதை எனக்கு ஆர் சொல்லித் தந்தது? எங்கடை பக்கத்திலை ஆக உசரமான இடம் நாவற்குழிப் பாலம்.

– ஆக ஆழமான இறக்கம் இந்தக் கிணறு. இதுக்குள்ளை விட்டுப் பழகுங்கோ.

– பகிடி விடாதை கலா. நான் அந்தரத்திலை நிக்கிறன்.

– உங்களுக்கு அந்த மலை ஞாபகம் இருக்கோ? ஏறேக்கை முகில் றோட்டிலை படுத்துக் கிடந்தது. நாங்கள் கிட்டப் போக, மாடு எழும்புற மாதிரி ஆறுதலா எழும்பி விலகிச்சுது. ஒவ்வொரு வளைவிலையும் புதுசா ஒரு பள்ளத்தாக்கு. நான் உங்கடை தோளிலை தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டு வந்தனான்.

– எனக்கு அந்த பஸ்ஸின்ரை முன்கண்ணாடி மட்டும்தான் ஞாபகம்.

– அதைத்தான் பயணத்தை ஒழுங்கு செய்யிற லெனாட் அண்ணைக்குச் சொல்லுங்கோ. கை நடுங்கிப் போச்சு, கலாதான் இறக்கினவள் எண்டு. ஒரு வசனம்தானே?

– ஒரு வசனமோ! அச்சுவேலியிலை என்ரை கடைக்கு ஃபோன் திருத்த வாற பெடியள் இப்ப என்னை எப்பிடிக் கூப்பிடுறாங்கள் தெரியுமோ? மலையண்ணை! முந்தி சார்ஜர் அண்ணை எண்டவங்கள்.

– சார்ஜர் அண்ணையும் நல்லாத்தானே இருந்தது.

– உனக்கு நல்லா இருக்கும். உன்னை ஒருத்தரும் சார்ஜர் அக்கா எண்டு கூப்பிடேல்லைத்தானே.

– மலையண்ணை! டேய் கிருஷாந்! படலை திறந்துதான் கிடக்கு, நாய் கீய் ஏதும் கிடக்கோ?

– லெனாட் வந்திட்டான். கலா, நீ ஒண்டும் கதையாதை. உதிலை நில், சிரி, அது காணும். வா மச்சான், வா!

– என்ன தங்கச்சி, தோய்க்கிற நேரத்திலை வந்து குழப்பிப்போட்டனோ?

– இல்லையண்ணை, வாங்கோ. தேத்தண்ணி போடட்டோ?

– வேண்டாம் பிள்ளை, மீன் பெட்டியை வெயிலுக்கை வைச்சிட்டு வந்தனான். மச்சான், போனமுறை அஞ்சு சைக்கிள், இந்தமுறை பன்னிரண்டு சேந்திட்டுது! அப்புத்தளையாலை ஏறி, நுவரெலியாவிலை தங்கி, ரம்பொடையாலை இறங்குறம். ரம்பொடையிலை நீதான் முன்னுக்கு.

– பாப்பம் மச்சான். கடை வேலையும் கிடக்கு.

– கடையோ! மச்சான், நீ அண்டைக்கு இறங்கின இறக்கத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டன். முகில் மூடிப்போச்சு, உன்ரை பின்லைற்றைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் வந்தது. மனிசன் பிரேக்கையே தொடேல்லை! இரண்டாம் கியரிலை இரைஞ்சுகொண்டு, பாயைச் சுருட்டினமாதிரி வளைவையெல்லாம் சுருட்டிக்கொண்டு போறாய். ஏறேக்கை கிழவன் மாதிரி ஓடினனி, இறங்கேக்கை ஆரோ வேறை ஆள் மாதிரி. எப்பிடியடா?

– அது… இறங்கேக்கை ஒரு இது வரும் மச்சான்.

– அந்த இதைத்தான் கேக்கிறன்! தங்கச்சி, நீர் பின்னுக்கு இருந்து பயத்திலை கத்தேல்லையோ?

– பின்னுக்கு இருந்த ஆள் கத்தேல்லை அண்ணை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முருகனைத்தான் கூப்பிட்டுக்கொண்டு வந்தது.

– ஹா! எந்த முருகன், நல்லூரானோ?

– செல்வச்சந்நிதியான்.

– கலா, உள்ளுக்கை அம்மா கூப்பிடுறா போலை.

– இல்லையே, எனக்குக் கேக்கேல்லை.

– மச்சான், பகிடி பகிடியா இருக்கட்டும். இந்தமுறை வாறதிலை கனபேர் புதுப் பெடியள். மலையைப் படத்திலைதான் கண்டவங்கள். மலையண்ணை செய்யிறமாதிரிப் பாத்துச் செய்தால் தப்பிப் போவியள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பின்னேரத்துக்குள்ளை ஓம் எண்டு சொல்லிப்போடு. வாறன் தங்கச்சி! அங்கை மீன் அவிஞ்சு போச்சோ தெரியேல்லை.

– ஓமண்ணை, போயிட்டு வாங்கோ.

– சந்நிதியானை ஏன் உதுக்குள்ளை இழுத்தனி?

– நீங்கள்தானே இழுத்தது.

– சரி விடு. அவன் சொன்னதைக் கேட்டியோ? புதுப் பெடியள். நான் வரேல்லை எண்டால் ஏன் எண்டு கேப்பாங்கள். வந்தால் என்னைப் பாத்து இறங்குவாங்கள். நான் முன்னுக்குப் போய் ஒருத்தன் பள்ளத்திலை விழுந்தால்? இரண்டுக்கும் நீதான் மருந்து.

– அதுதான் எனக்குக் குழப்பம். நீங்கள் சொல்லுறது பிழை எண்டும் சொல்லேலாமல் கிடக்கு. நான் முன்னுக்குப் போனால் அந்தப் பெடியள் தப்புவாங்கள்.

– அப்ப போவம்!

– நில்லுங்கோ. அவங்களை வெளிக்கிட முன்னமே கூப்பிட்டு நான் சொல்லிக் குடுக்கலாம். நியூட்டரலிலை விடாதேங்கோ, பிரேக்கிலை தொங்காதேங்கோ, கியரிலை அடக்குங்கோ எண்டு. எங்கடை ஐயான்ரை மோட்டார் சைக்கிளிலை வெங்காய மூட்டையளைக் கட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடின காலத்திலை நான் அப்பிடித்தான் அடக்கினது. இதைச் சொல்ல ஹெல்மெட் மாத்தத் தேவையில்லையே?

– நீ சொன்னால், மலை இறக்கம் உனக்கெப்பிடித் தெரியும் எண்டு கேப்பாங்கள்.

– ஓம். கேப்பாங்கள்.

– அதோடை நான் முடிஞ்சன்.

– நீங்கள் ஏன் முடியவேணும்? எனக்கு உது விளங்கேல்லையப்பா.

– கலா, ஒண்டு சொல்லட்டே? மலையிலை மட்டுமில்லை. இப்ப இஞ்சை, இந்தத் தட்டை றோட்டிலையும், எதிரை பஸ் வந்தால் கை விறைக்குது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

– எனக்குத் தெரியும். போன கிழமை தபால்கந்தோரடியிலை பஸ் வர, நீங்கள் இறங்கிச் சைக்கிளை உருட்டினதைக் கண்டனான்.

– கண்டிட்டும் கேக்கேல்லையோ?

– கேட்டால் நீங்கள் இன்னும் சின்னனாப் போவியளோ எண்டு நினைச்சன். கேக்காமல் விட்டது சரியோ பிழையோ, அதுவும் தெரியேல்லை. அந்த மலையாலை வந்த நாளிலையிருந்து, உங்களிலை அன்பாலை செய்யிறது எது, பொய்க்குத் துணை போறது எது எண்டு என்னாலை பிரிச்சுப் பாக்கவே ஏலாமல் கிடக்கு.

– அப்ப அன்பாலை எண்டே வைச்சுக்கொண்டு செய்யன். ஒருக்கா. இதுதான் கடைசி. பேந்து சைக்கிளையே வித்துப்போடுவன்.

– சைக்கிளை விக்க வேண்டாம்.

– எனக்குத் தெரியும், உனக்கு என்னிலை கோவம். ஓடினது நீ, பேர் எனக்கு.

– பேர் எனக்கு வேண்டாமப்பா. மலையக்கா எண்டு ஆரும் கூப்பிட்டால் எனக்குத்தான் வெக்கம்.

– அப்ப பயம்.

– பயமில்லை.

– கோவமுமில்லை, பயமுமில்லை. பேந்து என்ன? தெரியேல்லை எண்டு மட்டும் சொல்லாதை கலா.

– இல்லை, இப்ப தெரியுது. அண்டைக்கு முகிலுக்கை முதல் வளைவு திரும்பினவுடனை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உங்களைப் பாத்தில்லை, சும்மா, எனக்குள்ளை. கீழை வந்து சேருமட்டும் வாய்விட்டுச் சிரிச்சுக்கொண்டுதான் வந்தனான். கலியாணம் முடிச்ச இவ்வளவு காலத்திலை நான் அப்பிடிச் சிரிச்சதில்லை. ஒருத்தரும் அதைக் காணேல்லை, பின்னுக்கு இருந்த நீங்களும் காணேல்லை. வேறை என்னவும் கேளுங்கோ, செய்யிறன். உங்கடை ஹெல்மெட்டுக்குள்ளை ஒளிச்சிருந்து இன்னொருக்காச் சிரிக்க மட்டும் என்னாலை ஏலாது.