புதன்கிழமைக்கு ஒரு போட்டோக்காரர்

வந்தவர்: ஒரு மணி நேரத்துக்கா இவ்வளவு கேக்கற தம்பி?

போட்டோக்காரர்: கல்யாண வேலைன்னா அப்படித்தான் சார்.

வந்தவர்: கல்யாணம்னு பேருக்குத்தான்பா. பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போடறாங்க, வெளிய வந்துடறாங்க. மண்டபமா, மேடையா... ஒண்ணும் கிடையாது.

போட்டோக்காரர்: அதுக்கும் இதே கேமராதானே சார்.

வந்தவர்: எதிர்க்கடையில முழு நாளுக்கே இதுல பாதிதான் சொன்னான்.

போட்டோக்காரர்: அப்ப அங்கயே கொடுத்துடலாமே.

வந்தவர்: முழு நாளா இருந்தாத்தான் வருவானாம். அதுக்கு முன்னாடி பார்த்தவன் வீடியோவும் சேர்த்து எடுத்துக்கிட்டாத்தான்னுட்டான். இது நாலாவது கடை. எனக்கு ஆல்பமெல்லாம் வேண்டாம். நாலே நாலு படம்... சரி, ஒண்ணு. பொண்ணு முகம் மட்டும் நல்லாத் தெரியணும்.

போட்டோக்காரர்: மாப்பிள்ளை?

வந்தவர்: பக்கத்துல நின்னா நிக்கட்டும்.

போட்டோக்காரர்: என்னைக்கு?

வந்தவர்: வர்ற புதன்கிழமை. பத்தரை மணிக்கு.

போட்டோக்காரர்: புதன்கிழமை எனக்கு வேற வேலை இருக்கு சார்.

வந்தவர்: நடுவுல ஓடி வந்து ஒரு தடவை அமுக்கிட்டுப் போயேன்.

போட்டோக்காரர்: அது இருக்கட்டும். பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?

வந்தவர்: தெரிஞ்சவங்க பொண்ணு.

போட்டோக்காரர்: தெரிஞ்சவங்க பொண்ணுக்கா இப்படிக் கடை கடையா ஏறி இறங்கறீங்க? நீங்களே போன்ல ஒண்ணு எடுத்துட்டு வரலாமே.

வந்தவர்: நான் போகல... யாராவது கேட்டா, ஆபீஸ்ல வரச் சொன்னாங்கன்னு சொல்லிடு. என் பேச்சை எடுக்காதே.

போட்டோக்காரர்: ஒரு பொண்ணை அவங்களுக்குத் தெரியாம எடுக்க வேற ஆளைப் பாருங்க.

வந்தவர்: அப்படி இல்லப்பா...

போட்டோக்காரர்: வேற எப்படி?

வந்தவர்: என் பொண்ணு தம்பி.

போட்டோக்காரர்: ...உக்காருங்க.

வந்தவர்: பென்ஷன் விஷயமா அந்த ஆபீஸுக்குப் போனேன். யார் யாருக்குக் கல்யாணம்னு பலகையில ஒட்டியிருந்தாங்க. அதுல அவ முகம், சின்னதா... ரொம்ப நேரம் நின்னேன். மெலிஞ்ச மாதிரி இருக்கா. இல்ல, படம்தான் சரியில்லையோ என்னவோ.

போட்டோக்காரர்: நேர்லயே போய்ப் பார்த்துடலாம்ல?

வந்தவர்: எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? நான் பார்த்த இடம் வேண்டாம்னு வேலையைத் தேடிக்கிட்டுப் போனா. இனி இந்த வாசப்படி மிதிக்காதேன்னேன். அடுத்த வருஷம் அவ அம்மா படுத்துட்டா. ஆஸ்பத்திரியில பதினோரு நாள். தினமும் கேட்டா, பொண்ணுக்குச் சொல்லியாச்சான்னு.

போட்டோக்காரர்: சொன்னீங்களா?

வந்தவர்: சொல்லிட்டேன், வந்துக்கிட்டே இருக்கான்னேன்.

போட்டோக்காரர்: பொண்ணுக்குச் சொன்னீங்களா சார்?

வந்தவர்: ...இல்ல.

போட்டோக்காரர்: ம்.

வந்தவர்: எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, யாரோ சொல்லித் தெரிஞ்சு ஓடி வந்தா. நான் கதவைத் திறக்கல. வெளிய நின்னுக்கிட்டே, அம்மா படம் ஒண்ணு மட்டும் கொடுங்கப்பான்னா. அப்புறம் போயிடறேன்னா.

போட்டோக்காரர்: அதையும்...

வந்தவர்: கொடுக்கல. அன்னைக்கு எனக்கு என்ன பிடிச்சிருந்ததோ... நீ கேட்ட பணத்தையே தர்றேன் தம்பி. இதோ, எண்ணிப் பாரு.

போட்டோக்காரர்: உள்ள வைங்க சார். நீங்க எழுந்து போயிடணும்னுதான் அந்த விலையே சொன்னேன்.

வந்தவர்: என்னை முன்னப்பின்ன தெரியாதே உனக்கு?

போட்டோக்காரர்: புதன்கிழமை எனக்கு இருக்கற வேலையே உங்க பொண்ணு கல்யாணம்தான். போன வாரம் வந்து சொல்லிட்டுப் போனாங்க. கூடவே ஒரு பழைய படத்தைக் கொடுத்தாங்க. அம்மாவை மட்டும் தனியா எடுத்துப் பெரிசாக்கணும், கையெழுத்துப் போடும்போது பக்கத்துல வச்சுக்கணும்னாங்க.

வந்தவர்: அவகிட்ட ஏது... நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கிட்டதா?

போட்டோக்காரர்: அதேதான். சொந்தக்காரங்க யார்கிட்டயோ கேட்டு வாங்கினாங்களாம். நீங்க உள்ள நுழையும்போதே அடையாளம் தெரிஞ்சிடுச்சு. அதுலேர்ந்து உங்களை எடுக்க ரெண்டு நாள் உக்காந்திருந்தேன் சார். முகம் சுலபமாப் போயிடுச்சு. அவங்க தோள்மேல நீங்க போட்டிருந்த கைதான் லேசுல போகல.