நூற்றுப் பதினாலாம் நம்பர்

வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை. ஹட்டனிலிருந்து லிந்துலை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தேயிலைத் தோட்டத்துப் பழைய படங்களை அவரவர் கம்ப்யூட்டரிலேயே வைத்துப் பகிரும் வலையில், இறந்துபோன அம்மாவின் படத்தைத் தம்பி போனில் தேடினான்.

"மாரியாயின்னு போட்டேன்க்கா. யார்கிட்டயும் இல்லையாம்."

"எப்படிடா வரும்? தோட்டத்து வேலை அட்டைக்கு எடுத்த படம். காலைல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல அம்மாவ பேர் சொல்லியா கூப்பிட்டாங்க? நூத்திப்பதினாலுன்னு போடு."

போட்டான்.

"இருக்குக்கா! லிந்துலையில ஸ்டூடியோ வச்சிருக்கிற முஸ்லிம் நானாகிட்ட மட்டும். பட்டியல் மத்தவங்க மெஷின்லயும் இருக்கு, படம் அவருகிட்டதான். அவரு மெஷின் ஆஃப்."

"ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பாரு. வர்ற வரைக்கும் கடை வாசல்ல நிப்போம்."

"எனக்கு அம்மா மொகமே தெரியாதுக்கா."

"அதான், மொதல்ல நீ பாரு. நான் அப்புறம் பாக்குறேன்."