கயிறு அங்கே இல்லை

எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அங்கே குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதைத்தான். உலகத்தில் பெயர் பெற்ற கட்டடம் எதுவாக இருந்தாலும் சரி, அதைப் படம் எடுக்க நல்ல இடம் எதுவோ, அங்கேதான் ஒரு தொட்டியைக் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். தொட்டி இல்லாவிட்டால் ஒரு மஞ்சள் பலகை, அதுவும் இல்லாவிட்டால் கால் உடைந்த ஒரு நாற்காலி. எங்கள் தொழிலில் பாதி வேலை கேமராவைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடும். தொட்டியை நகர்த்து, பலகையைத் திருப்பு, நாற்காலியை ஓரம் கட்டு. படம் எடுத்த பிறகு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வை. பதினேழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை நான் அப்படி வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா.

நான் ஒரு சுற்றுலா கம்பெனியின் போட்டோகிராபர். முப்பது முப்பத்தைந்து பேராக வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவார்கள். வழிகாட்டி முன்னால் போவார், நான் பின்னால் போவேன். எல்லார் காதிலும் ஒரு சின்ன இயர்போன் இருக்கும். வழிகாட்டியின் சட்டையில் ஒரு மைக். அவர் முணுமுணுத்தால்கூடக் கூட்டம் முழுக்கக் கேட்கும். கேட்கிறவர்கள் திருப்பிப் பேச முடியாது. படம் எடுக்கும்போது கத்த வேண்டாமே என்று எனக்கும் ஒரு மைக் கொடுத்திருந்தார்கள். "நீலச் சட்டை அண்ணா, ஒரு அடி இடது பக்கம் வாங்க. அக்கா, கண்ணாடியக் கழட்டுங்க." இவ்வளவுதான் என் வேலை. கோபுரத்துக்கு முன்னால் சிரிக்கிறவர்கள், பாலத்துக்கு முன்னால் சிரிக்கிறவர்கள், இடிந்த அரண்மனைக்கு முன்னாலும் சிரிக்கிறவர்கள். செத்த ராஜாவின் சமாதி முன்னால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய ஒரு குடும்பத்தையும் எடுத்திருக்கிறேன்.

அந்தப் பயணத்தில் ஒரு கணக்கு டீச்சர் வந்திருந்தார். ரிட்டயர் ஆனவர், தங்கையோடு வந்தார். தங்கைக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். டீச்சர் ஏறாத படி கிடையாது. பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில்தான் உட்காருவார். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் முதலில் பின்னால்தான் நீட்டுவார். மூன்றாம் நாள் என் கேமராவை வாங்கித் தன் படங்களைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எல்லாத்துலயும் பாஸ்போர்ட் ஆபீஸ்ல நிக்கிற மாதிரியே இருக்கேனே தம்பி. நான் பாக்காதப்ப ஒண்ணு எடுங்களேன்."

"பாக்காதப்ப எடுத்தா கண்ணை மூடியிருப்பீங்க டீச்சர்."

"மூடியிருந்தா என்ன? அதுவும் நான்தானே."

எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை. சொல்லப்போனால் அந்தக் கூட்டத்திலேயே எனக்குப் பிடித்தவர் அவர்தான். இதை நீங்கள் தவறாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

வருஷா வருஷம் நடக்கும் பெரிய போட்டி ஒன்று உண்டு. அதில் 'எதிர்பாராத கணம்' என்று ஒரு பிரிவு. பதினொரு வருஷம் அனுப்பினேன், பதினொரு வருஷமும் ஒரே பதில்தான்: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. என்ன செய்வது? அந்தப் பயணத்தில் நாங்கள் போன கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியில் அது, பிஸ்கட் டப்பாவில் அது, பல் டாக்டர் வீட்டுச் சுவரில்கூட அது. எனக்கென்று ஒரு மூலையைக்கூட மிச்சம் வைக்காமல் உலகமே எடுத்துத் தள்ளிவிட்டது. கோபுரத்தில் புதிதாக ஏதாவது நடந்தால்தான் புதிதாக ஒரு படம் கிடைக்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்றே நான் தனியாக மேலே ஏறிப் பார்த்தேன். இருநூற்று எண்பது படி. உச்சியில் சுற்றிவர நடை, இடுப்பளவு கைப்பிடிச் சுவர். மேற்கு மூலைக்குப் போகும் வழியில் மட்டும் குறுக்கே ஒரு மஞ்சள் கயிறு, அதன் நடுவில் ஒரு எச்சரிக்கைப் பலகை. அங்கே ஒரு காவலாள் இருந்தார். நரைத்த மீசை, இடுப்பில் சாவிக்கொத்து. அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. கயிற்றுக்கு மேலே எட்டிச் சுவரின் மேல்கல்லில் உள்ளங்கையை வைத்து மெல்ல அசைத்துக் காட்டினார். ஆள் அகலக் கல், பால் பல் மாதிரி ஆடியது. பிறகு என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நான் தலையாட்டினேன். எங்களுக்குள் மொழி தேவைப்படவில்லை.

சாயங்கால வெளிச்சம் அந்த மூலையில்தான் விழும். மற்ற மூன்று மூலைகளும் மூன்று மணிக்கே கறுத்துவிடும். கீழே சதுக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஒரு மூலை மட்டும் பொன் பூசியதுபோல இருக்கும். அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கயிறு தொங்கினால் என் மாதிரி ஆளுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் புரியாது.

மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டத்தைக் கடைவீதியில் சுற்ற விட்டுவிட்டார் வழிகாட்டி. எல்லாரும் இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். நான் மேலே போனேன். காவலாள் தூக்குப்பாத்திரத்தோடு சாப்பிட இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனார். நான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டேன். பலகையைச் சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்தேன். ஊரின் கூரைகளைப் பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். பிறகு இறங்கினேன்.

கட்ட மறந்துவிட்டேன் என்றுதான் இரண்டு வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறந்தது உண்மைதான், ஆனால் நாற்பது படி வரைக்கும்தான். நாற்பதாவது படியில் ஒரு சின்னத் திருப்பம் வரும், அங்கே பையைத் தோள் மாற்றியபோது கயிறு கையில் தட்டியது. திரும்ப ஏற நாற்பது படி பெரிய தூரமில்லை. அந்த நேரத்தில் கீழேயிருந்து டீச்சர் மூச்சு வாங்க ஏறி வந்தார். வழி தவறிவிடுவோமோ என்ற பயத்தில் அவர் மட்டும் இயர்போனைக் கழற்றவே மாட்டார்.

"மேல நல்லா இருக்கா தம்பி?"

"நல்லா இருக்கு டீச்சர். மேற்கு மூலைக்குப் போங்க, அங்கதான் வெளிச்சம்."

"அப்ப என்னை ஒண்ணு எடுப்பீங்களா?"

"கீழேருந்து எடுக்கிறேன். நீங்க பாக்காதப்பவே எடுக்கிறேன்."

அவருக்கு ரொம்ப சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான்தான் கொடுத்தேன்.

சதுக்கத்தில் முக்காலியை விரித்தேன், நீள லென்ஸை மாட்டினேன், கல்லின்மேல் ஃபோகஸ் வைத்தேன். அப்போது அவர் அந்த மூலைக்கே வந்திருக்கவில்லை. ஆள் இல்லாத வெறும் கல்லின்மேல்தான் வைத்தேன். தொழில் தெரிந்த யாராவது இதைக் கேட்டிருக்க வேண்டும். கல் பெயர்வதற்கும் ஆளுக்குத் தெரிவதற்கும் நடுவில் அரை விநாடிகூட இல்லை. கேமராவைத் தூக்கி, ஆளைத் தேடி, ஃபோகஸ் வைத்து எடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. பரிசு கொடுத்த ஐந்து நடுவர்களும் முப்பது நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் ஊறியவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? ஒருவரும் கேட்கவில்லை, ஐயா. மேடையில் ஏற்றிக் கைகுலுக்கினார்கள்.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கறுத்த வானம், பொன் நிறச் சுவர். டீச்சர் வெளியே சாய்ந்திருக்கிறார், புடவைத் தலைப்பு காற்றில் நிற்கிறது. கல் அவருக்குக் கீழே அந்தரத்தில் இருக்கிறது, அது அவருக்கு இன்னும் தெரியாது. முகம் அவ்வளவு அமைதி. ஒரு கை காதின்மேல் இருக்கிறது. 'யாரோ அழைத்ததைக் கேட்டவள்போல' என்று நடுவர் குறிப்பில் எழுதியிருந்தார்கள்.

படத்தை வெளியிட அவருடைய தங்கையிடம்தான் சம்மதம் வாங்கினேன். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். "பயப்படாமதான் போயிருக்கா, இல்ல தம்பி? அந்த மூஞ்சியப் பாத்தா தெரியுதுல்ல? எனக்கு அது போதும்" என்றார். ஒரு பிரதியைச் சட்டம் போட்டு நானே கொண்டுபோய் அவர் வீட்டுக் கூடத்தில் ஆணி அடித்து மாட்டினேன்.

காவலாள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊர்க் கோர்ட்டில் அவர் கயிறு கட்டியதைக் கையாலேயே செய்து காட்டினார். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, மறுபடி ஒரு சுற்று. இல்லாத கயிற்றை அவர் அப்படிக் கட்டிக் கட்டிக் காட்டியதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அவர் மனைவி பின் வரிசையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். என்னைக் கேட்டபோது, சம்பவம் நடந்த நேரத்தில் கயிறு அங்கே இல்லை என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவருக்கு மூன்று வருஷம் ஜெயில் போட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்களே, அது. இன்னும் பதினாலு மாதம் பாக்கி இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அவர் நாளைக்கே வீட்டுக்குப் போகலாம். அந்தக் கயிறு என் பையிலேயே இருக்கிறது. ஒரு முனையில் அவர் போட்ட முடிச்சும் அப்படியே இருக்கிறது. மேசைமேல் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

இவ்வளவு நாள் வராதவன் இப்போது ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். போன மாதம் கண்காட்சி வைத்தார்கள். அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நடுச் சுவரில் மாட்டினார்கள். தங்கை வந்தார். வீட்டில் இருப்பது சின்னப் பிரதி. அவ்வளவு பெரிதாக அவர் பார்த்தது அன்றுதான். வெகுநேரம் நின்று பார்த்தார்.

"அக்கா ஏன் காதுல கை வச்சிருக்கா?"

"காத்து அடிச்சதும்மா. அதான் பொத்தியிருப்பாங்க."

"அந்தக் காது அவளுக்கு மந்தம். அந்த மிஷின்ல யாராச்சும் பேசினாத்தான் அமுக்கிப் பிடிப்பா. சும்மா இருக்கும்போது தொடவே மாட்டா."

"வழிகாட்டி ஏதாவது பேசியிருப்பார்."

"அவரு என் பக்கத்துல உக்காந்து காபி குடிச்சிட்டில்ல இருந்தாரு."

அதோடு படத்தை விட்டுத் திரும்பினார். என்னை ஒரு தடவை பார்த்தார். "சாப்டீங்களா தம்பி?" என்றார். அக்காவும் அப்படித்தான் கேட்பார்.

அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் கண் குறுகுறுத்தது. எந்தப் பாலத்தை எடுத்தாலும், எந்தக் கோட்டையை எடுத்தாலும், ஓரத்தில் எங்காவது ஒருவர் காதில் கை வைத்து நிற்கிறார். பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு கம்பத்தின் நிழலாக இருக்கும், அல்லது போன் பேசுகிற யாரோ ஒருவராக இருக்கும். இந்தக் காலத்தில் யார் காதில் எதுதான் இல்லை? பஸ்ஸில், பட்டப்பகலில், எதிரே இருக்கிறவர் காதைத் தொட்டால் நான் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுகிறேன். போன பயணத்தில் வழிகாட்டி, "ஏன் சார் மைக்க அணைச்சு அணைச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டார். அது திறந்திருந்தால் என் மூச்சு யாருக்கோ கேட்கிறது என்று தோன்றுகிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சரி, சொல்லிவிடுகிறேன். டீச்சர் மூலைக்கு வந்து நின்றார், ஆனால் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளித்தான் நின்றார். ஜாக்கிரதையான மனுஷி. கீழேயிருந்து தலை மட்டும்தான் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் நாலு நிமிஷம் ஊரைப் பார்த்துவிட்டு இறங்கியிருப்பார். நான் மைக்கைத் திறந்தேன். "டீச்சர், நான்தான். சுவர்கிட்ட வாங்க. கல்லு மேல ஒரு கைய ஊனிக்கோங்க. இன்னும் கொஞ்சம் முன்னால சாயுங்க. இன்னும் கொஞ்சம். என்னைப் பாக்காதீங்க, தூரத்துல பாருங்க." வழக்கமாக எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைகள்தான். சொன்னபடி அப்படியே செய்தார்.

டீச்சரை எடுத்தது மொத்தம் பதினொரு படம். இந்த மெமரி கார்டில் எல்லாம் இருக்கின்றன. பரிசு வாங்கியது ஆறாவது. ஏழாவதில் டீச்சர் தூரத்தைப் பார்க்கவில்லை, நேராக லென்ஸைப் பார்க்கிறார். விரல் அப்போதும் காதில்தான் இருக்கிறது. கணக்குப் புரியாத பிள்ளை டீச்சரைப் பார்க்குமே, அந்தப் பார்வை; அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். மைக் திறந்துதான் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

தொழில்காரனாகச் சொல்கிறேன், ஆறாவதைவிட ஏழாவதுதான் நல்ல படம். ஆனால் அதை நான் எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை, அந்தத் தங்கைக்கும் காட்டவில்லை. நீங்களும் காட்டிவிடாதீர்கள், ஐயா. அந்த அளவுக்கு ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லை நான்.