கூட்டத்தில் கிடைத்த கதிரை

கிண்ணியாவுக்குப் போகும் படகுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் துறைமுகத் தொழிலாளர் இருவர் நின்றார்கள். மற்றவர் 'காக்கா', அதாவது அண்ணன், என்று அழைத்த மூத்தவர் சொன்னார்:

"உன்ட வேலையை நிப்பாட்டக் கை உயர்த்தின ஆக்களில நானும் ஒருத்தன், யோசேப்பு."

"காக்கா, எங்களுக்காகப் பேசத்தானே உங்களை நிர்வாகக் கூட்டத்துக்குத் தெரிஞ்செடுத்து அனுப்பினனாங்கள்?"

"ஓம். அங்க கதைச்சது முழுக்க இங்கிலீசு. எல்லாரும் உயர்த்தினாங்க, நானும் உயர்த்திட்டன்."

"விளங்கேல்லையெண்டு சொல்லியிருக்கலாமே."

"இப்பதான் முதல்முதலா தொழிலாளிக்கு அங்க குந்த ஒரு கதிரை தந்திருக்காங்க. விளங்கல்லயெண்டா அதையும் எடுத்துப்போடுவாங்களெண்டு பயந்தனான்."

யோசேப்பு கேட்டார்:

"மெத்தை போட்ட கதிரையோ?"

"ஓம்."

படகு வந்தது. யோசேப்பு விலகி வழிவிட்டார்.

"முதல்ல நீங்க ஏறுங்க காக்கா. உங்களுக்கு நாளைக்கு வேலை இருக்கு."