பக்கத்தாத்து எலி

நன்னா இருக்கே நியாயம்! எலி செத்துக் கெடந்தது சீதாலக்ஷ்மியாத்துப் பத்தாயத்துல... கூரை ஓட்டைப் பிரிக்கறது எங்காத்துலயுமா? இன்ஸ்பெக்டர் சார், அந்த எலி டப்பாவைச் செத்த தள்ளிப் பிடிங்கோ. பிளேக் எலின்னாலே ஒடம்பு கூசறது!

வெள்ளிக்கிழமை எங்க ஜெயலக்ஷ்மிக்குக் கல்யாணம், கேட்டேளா? நாலு வருஷமா ஜாதகத்தைத் தூக்கிண்டு அலைஞ்சு இப்பத்தான் குதிர்ந்திருக்கு. கூரையில்லாத ஆத்துல சம்பந்தியை எங்கே உக்கார வெக்கறது?

என்ன, ரெண்டு பக்கத்து ஆத்துலயும் வெயில் காட்டணுமா? சட்டமா? பின்னே, சட்டம் போட்டவாளுக்குப் பொண்ணே இல்லையோ? ஊசி வேறயா! சிவசிவா... கரமனைல எங்க மன்னிக்கு ஊசி போட்டு ரெண்டு நாள் கையைத் தூக்க முடியலை. அந்தச் சாக்குல தோசைக்கு அரைக்காம தப்பிச்சாளே, அவ சாமர்த்தியம் அப்படி... ஆங்? ஆமாமா, எலி.

சீதாலக்ஷ்மி சாலைக் கடைத்தெருலேந்து மூட்டை மூட்டையா அரிசி எறக்கறா. எலி வராம என்ன பண்ணும்? எங்காத்துல நீங்க குடுத்த பொறியை ஒரு நாள் விடாம, தேங்காக்கீத்து சுட்டு வெக்கறேனாக்கும். தினம் ஒண்ணு விழறதே!

விழுந்த எலி ஒண்ணுகூட ஆபீசுக்கு வரலையா? வெறும் பொறிதான் வந்துதா... அது வந்து... நீங்க கொன்னுடுவேளே சார்! கல்யாணம் விக்கினமில்லாம நடக்கணும்னு பழவங்காடிப் பிள்ளையாருக்கு வேண்டிண்டிருக்கேன். இந்த நேரத்துல அவரோட வாகனத்தைக் கொல்லக் குடுக்கலாமோ? அதான், ஈர்க்குச்சியால நெத்தில சந்தனம் தொட்டு வெச்சு, 'போயிட்டு வா'ன்னு... எங்கேயா? மதிலுக்கு அந்தண்டைதான். வாழை இருக்கு, அதுக்கும் குளுமையா...

ஆமா... அந்தண்டை சீதாலக்ஷ்மியாம்தான்.

ஏன் சார் டப்பாவைத் திறக்கறேள்? எலி மேல இருக்கற தெள்ளுப்பூச்சி கடிச்சாத்தான் மனுஷாளுக்கு வரும்னு நீங்கதானே... ஐயோ!

சந்தனம்.

ஈச்வரா... அவாத்துல கைக்கொழந்தை இருக்கே. என்ன காரியம் பண்ணிட்டேன் நான்!

சார், ஏணி கொல்லைல சாஞ்சிருக்கு. பிரிக்கச் சொல்லுங்கோ. கல்யாணத்தை எங்கேயாவது மண்டபத்துல வெச்சுக்கறோம். ஊசியை எந்தக் கைல போடுவேள்? போடுங்கோ, போடுங்கோ. ஒண்ணே ஒண்ணு... இந்தச் சந்தன விஷயம் மட்டும் சீதாலக்ஷ்மி காதுல விழவேண்டாம்...

என்ன? டப்பாவைக் குடுத்து எங்காத்துக்கு அனுப்பினதே அவதானா?