அளவுக்கல்லை ஐந்து முறை நகர்த்தியது குறித்து

என்னைக் கடற்கரையில் எல்லோரும் குடில்காரர் என்றே கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தெட்டு. கடற்கரைச் சாலையின் கடைசி விடுதியை நடத்திக்கொண்டு அங்கேயே மனைவியுடன் குடியிருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை. இன்று காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

கரையின் அகலத்தை அளப்பதற்காக அரசு நட்ட சிமெண்டுக் கல் ஒன்று எங்கள் விடுதியில் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அளவையாளர் வந்து அந்தக் கல்லிலிருந்து தண்ணீர் வரை நாடா பிடிப்பார். இருபது மீட்டருக்குக் குறைந்தால் கரையை மூடிவிடுவார்கள், விருந்தினர் யாரும் வர முடியாது. ஆறு வருடத்துக்கு முன் இருபத்திரண்டு இருந்தது. அடுத்த வருடம் அவர் வருவதற்கு முந்தின நாள் நானே அளந்து பார்த்ததில் பதினாறுதான் இருந்தது, அதன் பிறகு கல்லைப் பெயர்த்து ஆறு மீட்டர் உள்ளே தள்ளி நட்டேன், அதன் பிறகு வருடா வருடம் அதையே செய்தேன். வந்தவர் ஒவ்வொரு தடவையும் புது ஆள். கல்லைப் பார்த்தார், எண்ணை எழுதினார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். போன வருடம் நாடா இடிந்த குடிலின் தரைமேலேயே போயிற்று. அளந்தவர் அதைத் தாண்டிக் காலை வைத்தாரே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பத்துக் குடிலில் நான்கு கடலுக்குள் போய்விட்டன. தேனிலவுக்கு வந்ததிலிருந்து வருடம் தவறாமல் வரும் தம்பதியர், "அண்ணே, நாங்க எப்பவும் தங்குற குடில் எங்கே?" என்று கேட்டபோது, "ரிப்பேர் வேலை நடக்குது" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அதன் பிறகு சென்ற மாதம், கடலரிப்பைத் தடுக்கக் கல்சுவர் கட்டப்போகும் கரைகளின் பட்டியல் வந்தது. பக்கத்துக் கரை இருந்தது, எங்கள் கரை இல்லை. சுவர் எங்கள் வேலியோடு நின்றுவிட்டால் அதில் மோதித் திரும்பும் அலையெல்லாம் எங்கள் பக்கம்தான் பாயும். அதன் பிறகு சுவர் வேலையைப் பார்க்கும் அரசுப் பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, "அஞ்சு வருஷமா ஒரு அடி கூடக் குறையலையே. உங்களுக்கு என்னங்க குறை?" என்றார். கல்லை நகர்த்தியது நான்தான் என்றதும் சிரித்தார். "சுவர் வேணும்னா ஆளுக்கொரு கதை சொல்றாங்க. போலீஸ்ல எழுதிக்கொடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். அதனால் வந்தேன்.

கல் இப்போது சமையலறைச் சுவரை ஒட்டி நிற்கிறது. இனி நகர்த்த இடமில்லை. திங்கட்கிழமை சுவர் வேலை தொடங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. என் மேல் எந்த வழக்கை வேண்டுமானாலும் போடுங்கள், அதற்கு முன் ஒரே ஒரு தடவை மறுபடி அளக்கச் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். கல் முன்பு நின்ற ஐந்து குழிகளில் மூன்று தண்ணீருக்குள் போய்விட்டன. இரண்டு இன்னும் மணலில் இருக்கின்றன. அவை எங்கே என்று என் மனைவிக்குத் தெரியும். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை உள்ளே கூப்பிட வேண்டாம்.

"அந்தக் கல்லை ஒரு ஆள் தூக்க முடியாதே, கூடப் பிடிச்சது யாரு?" என்று அதிகாரி கேட்டார். நான் சிறைக்குப் போனால், அளக்க வருபவருக்குக் குழிகளைக் காட்ட வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஐந்து தடவையும் நான் ஒருவனாகவே தூக்கினேன்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் உண்மை.

(கையொப்பம்)